பதினான்கு நிமிடக் காணொளியும் பழைய பாடக்குறிப்பேடும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் நான், 2021ஆம் ஆண்டில், ஆசிரியரின் கற்பித்தல் திறனை மதிப்பிட்டு வழங்கப்படும் தேசிய வாரியச் சான்றுக்குப் பதிவு செய்தேன். முதலில் என்னை இழுத்தது ஊதியம்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இச்சான்றைப் பெற்ற ஆசிரியருக்கு இம்மாநிலம் 12 விழுக்காடு கூடுதல் ஊதியம் வழங்குகிறது. அவ்வப்போது வந்துபோகும் பயிற்சிப் பட்டறைகளைப் போல இதையும் ஓராண்டில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன், மூன்றாண்டுகள் ஆயின.

1987இல் தொடங்கப்பட்ட இந்தத் தேசிய வாரியம் அரசு அமைப்பு அன்று. இது வழங்கும் சான்று, பணியில் சேர்வதற்கு மாநிலம் தரும் உரிமத்திலிருந்து வேறுபட்டது. ஆசிரியர்கள் தாமாக முன்வந்து விண்ணப்பிக்கலாம். பாட அறிவைச் சோதிக்கும் கணினித் தேர்வு, மாணவரின் எழுத்துப்பணிகளை ஆராயும் தொகுப்பு, வகுப்பறைக் காணொளிகள், ஆசிரியர் தம்மைத்தாமே மதிப்பிட்டுக்கொள்ளும் பகுதி என நான்கு கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 475 டாலர் கட்டணம். நான்கிலும் சேர்த்து 110 மதிப்பெண் எட்டினால் சான்று கிடைக்கும். கணினித் தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 45 கொள்குறி வினாக்களும் மூன்று விரிவான வினாக்களும் இருந்தன. நம் ஊரில் கணிதம் படித்தவர்களுக்கு அது பெரிய தடையாக இராது.

தடை எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு தொகுப்புடனும் ஆசிரியர் எழுதிச் சேர்க்க வேண்டிய விளக்கவுரையில் மூன்று வகை எழுத்துகளை வாரியம் பிரித்துக் கேட்கிறது: வகுப்பில் என்ன நடந்தது என்னும் விவரிப்பு, அது ஏன் அப்படி நடந்தது என்னும் பகுப்பாய்வு, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்னும் மீள்சிந்தனை. என் முதல் வரைவை வாசித்த சக ஆசிரியர் ஒருவர் மூன்று நிறப் பேனாக்களால் அடிக்கோடிட்டுத் திருப்பித் தந்தார். பதினொரு பக்கங்களிலும் நீல நிறமே நிறைந்திருந்தது, அத்தனையும் விவரிப்பு. மீள்சிந்தனைக்கு உரிய பச்சைக்கோடு கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தின் கீழ் இருந்தது. அந்த வாக்கியமும் “நேரம் போதவில்லை” என்பதுதான்.

இதற்கு என் பழக்கமே காரணம் என்று பின்னர் உணர்ந்தேன். மதுரையில் பி.எட். படித்து, திருநெல்வேலியில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய காலத்தில் நான் வாரந்தோறும் பாடக்குறிப்பேடு எழுதியிருக்கிறேன். தலைமையாசிரியரின் கையொப்பத்துக்காகவும், என்றேனும் வரக்கூடிய ஆய்வு அலுவலருக்காகவும் எழுதப்பட்ட அந்த ஏட்டில் பாடம் எப்போதும் திட்டமிட்டபடியே நடந்து முடிந்திருக்கும். “இன்றைய பாடம் பாதிப் பேருக்குப் புரியவில்லை” என்று எழுதிவிட்டு எந்த ஆசிரியரால் அதைக் கையொப்பத்துக்கு நீட்ட முடியும்? இங்கும் அதே மனநிலையில், பார்ப்பவர் குறை காணாதபடி எழுதிக்கொண்டிருந்தேன்.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் காணொளிப் பகுதியையும் தன்மதிப்பீட்டுப் பகுதியையும் அனுப்பினேன். பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் வரையிலான இரண்டு காணொளிகளை வெட்டாமலும் ஒட்டாமலும் தர வேண்டும்; படத்தில் தோன்றும் ஒவ்வொரு மாணவருக்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. நான் தேர்ந்தெடுத்தவை மிக ஒழுங்கான வகுப்புகள். எல்லோரும் கை உயர்த்தினார்கள், விடைகள் சரியாக வந்தன. டிசம்பரில் முடிவு வந்தபோது மொத்த மதிப்பெண் 104. என்னைக் கீழே இழுத்தது அந்தக் காணொளிப் பகுதிதான்.

மதிப்பீட்டாளர்கள் என் வகுப்பைப் புரிந்துகொள்ளவில்லை என்ற எண்ணம் இரண்டு வாரங்கள் நீடித்தது. பிறகு ஒரு விடுமுறை நாளில், பதினான்கு நிமிடக் காணொளி ஒன்றில் பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் எழுதிப் பார்த்தேன். ஐந்து மணி நேரம் பிடித்த அந்த வேலை எந்தப் பயிற்சி வகுப்பும் கற்றுத் தராததைக் கற்றுத் தந்தது. ஏறத்தாழப் பக்கம் முழுவதும் என் பேச்சு. மாணவர்களின் பங்கு ஓரிரு சொற்கள். ஆறாவது நிமிடத்தில் ஓர் இடம் இருக்கிறது. இரண்டு கோப்பை நீல வண்ணத்துடன் மூன்று கோப்பை வெள்ளையைக் கலந்தால் ஒரு நிறம் கிடைக்கிறது. நீலத்தை நான்கு கோப்பை எடுத்தால் அதே நிறம் கிடைக்க வெள்ளை எவ்வளவு வேண்டும் என்பது கணக்கு. ஒரு மாணவன் “ஐந்து” என்றான். நான் “கவனமாகப் பார்” என்று சொல்லிவிட்டு, ஒரு நொடிகூடக் காத்திராமல், அடுத்த வரிசையிலிருந்து “ஆறு” என்ற விடையைப் பெற்றுக்கொண்டு நகர்ந்துவிட்டேன். “ஐந்து” கவனக்குறைவால் வந்த விடை அன்று. நீலத்தில் இரண்டு கூடியதால் வெள்ளையிலும் இரண்டைக் கூட்டியிருக்கிறான்; விகிதத்தைப் பெருக்கலாகக் காணாமல் கூட்டலாகக் காணும் இந்தப் பிழை, இப்பாடத்தில் ஆண்டுதோறும் வருவது. அதை அறிந்திருந்தும் அவனிடம் ஏன் என்று கேட்கவில்லை. விளக்கவுரையில் அந்த இடத்தைப் பற்றி “மாணவரை ஊக்கப்படுத்தினேன்” என்று எழுதியிருந்தேன்.

காணொளிப் பகுதியை மட்டும் மீண்டும் அனுப்புவதற்காக அடுத்த காணொளியைப் படமெடுத்தபோது அதே கணக்கையே கொடுத்தேன். இம்முறை “ஐந்து” என்றவள் ஒரு சிறுமி. அவளது முறையைக் கரும்பலகையில் எழுதி, அதையே தொடர்ந்து செய்து பாருங்கள் என்று குழுக்களிடம் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சொல்வது எளிது, அந்த மௌனம் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. நான்குக்கு ஐந்து, ஆறுக்கு ஏழு என்று எழுதிக்கொண்டே போன ஒரு குழு, இருபதுக்கு இருபத்தொன்றில் நின்றது. “இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டதே, அப்படியானால் நிறம் இன்னும் அடர்ந்த நீலமாகிவிடாதா?” என்று கேட்டவளும் அந்தச் சிறுமிதான். காணொளியில் சத்தம் அதிகம். ஒருவன் நாற்காலியிலிருந்து விழுகிறான். முன்பு என்றால் இந்தக் காணொளியை ஒதுக்கியிருப்பேன். 2024 மே மாதத்தில் அதையே அனுப்பினேன். டிசம்பரில் மொத்தம் 115 வந்தது.

இங்குள்ள தமிழ் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தக் காணொளியைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான். பெற்றோர் ஒப்புதலைப் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள். செப்டம்பரிலிருந்து வாரம் ஒரு முறை கைப்பேசியைச் சன்னலோரம் வைத்துவிடுங்கள், பிள்ளைகள் அதை மறந்துவிடுவார்கள். தேர்வு செய்யும் முன் குறைந்தது ஒரு காணொளியையாவது சொல் பிசகாமல் எழுதிப் பாருங்கள். அந்த ஐந்து மணி நேரத்தை நான் முதல் ஆண்டிலேயே செலவிட்டிருந்தால் இரண்டாம் முறை கட்டிய 475 டாலர் மிஞ்சியிருக்கும்.