மோட்டார ஆஃப் பண்ண ஆள் இல்லாத வீடு

சனிக்கிழமை பையனுக்கு எண்ணெய் தேய்ச்சு விடும்போதுதான் அவன் உடம்புல இருக்குற புள்ளிங்களை நான் எண்ணுவேன். முதுகுல நாலு, வயித்துல ரெண்டு, இடது தொடையில ஒண்ணு பெருசா. பால் கலந்த காபி கலர். டாக்டருங்க இதை கஃபே ஓ லே புள்ளின்னு சொல்றாங்க, பிரெஞ்சுல பால் காபின்னுதான் அர்த்தமாம்.

பையனுக்கு இப்ப எட்டு வயசு. அஞ்சாவது மாசத்துலயே இந்த புள்ளிங்க தெரிய ஆரம்பிச்சது, மச்சம், ராசின்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்புனேன். நாலு வயசுல அக்குள்ல மிளகுத்தூள் தூவுன மாதிரி பொடிப்பொடியா வந்தப்பதான் தோல் டாக்டர் ஸ்கேல் எடுத்து ஒவ்வொண்ணா அளந்து பாத்தார். சின்ன பசங்களுக்கு 5 மில்லிமீட்டர்க்கு மேல பெருசா ஆறு புள்ளியாவது இருந்து, அக்குள்லயும் இப்படி இருந்தா அது என்எஃப்1, அதாவது நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் டைப் 1ன்னு சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "இவன் வயித்துல இருக்கும்போது கிரகணத்தன்னிக்கு அருவாமனையில காய் ஏதும் நறுக்குனியாம்மா?" அத்தை கெட்ட மனசோட கேக்கல, பயத்துல கேட்டாங்க. ஆனா அது என் மனசுல ரெண்டு வருஷம் முள்ளு மாதிரி கெடந்துச்சு, நறுக்கினேனா இல்லையான்னு ராத்திரில படுத்துக்கிட்டு யோசிச்சிருக்கேன்.

காலேஜ்ல விலங்கியல் படிச்சவ நான், அதனால ஒரு கட்டத்துல புக்கை எடுத்து உக்காந்துட்டேன். இது கிட்டத்தட்ட 3000 குழந்தைல ஒண்ணுக்கு வருது, அதுல பாதி பேருக்கு அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இந்த கோளாறு இருக்காது, புதுசா விழற பிழை. எங்க ரெண்டு பேர் டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்ல. பிழை இருக்குற ஜீன் 17வது குரோமோசோம்ல இருக்கு, 1990ல அமெரிக்கால ஃபிரான்சிஸ் காலின்ஸ் குழுவும் ரே ஒயிட் குழுவும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. ரொம்ப பெரிய ஜீன், அது செய்யுற நியூரோஃபைப்ரோமின்ங்குற புரதத்துல 2800 அமினோ அமிலத்துக்கு மேல இருக்கு, இவ்ளோ நீளமா எழுதுனா எழுத்துப்பிழை விழ இடமும் ஜாஸ்திதான்.

அந்த புரதம் என்ன வேலை பாக்குதுன்னு புரிஞ்ச அன்னிக்குதான் எனக்கு மூச்சு வந்துச்சு. நம்ம வீட்டு மொட்டைமாடி டேங்க்கை நினைச்சுக்கோங்க. செல்லுக்குள்ள ராஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கு. வெளில இருந்து "வளரு"ன்னு தகவல் வந்தா ஆன் ஆகும், மோட்டார் ஓடும், ராஃப், மெக், எர்க்னு மூணு புரதம் வழியா ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா பைப் மாதிரி அந்த தகவல் செல்லோட நியூக்ளியஸ் வரைக்கும் போகும், செல் ரெண்டாகும். ராஸ்ல ஒட்டியிருக்குற சின்ன மூலக்கூறுல மூணு பாஸ்பேட் இருந்தா ஆன், ஒண்ணு உதிர்ந்து ரெண்டானா ஆஃப். அந்த மூணாவது பாஸ்பேட்டை ராஸ் தானாவே வெட்டும், ஆனா ரொம்ப மெதுவா. நியூரோஃபைப்ரோமின் வந்து கூட நின்னா அந்த வெட்டு ஆயிரம் மடங்குக்கும் மேல வேகமா நடக்கும். அதாவது டேங்க் நிரம்புனதும் ஓடிப்போய் மோட்டார ஆஃப் பண்ற ஆளு அது. கட்டியை அடக்குற ஜீன்னு இதை சொல்றாங்க, ஆனா அது கட்டியோட சண்டை போடல, சுவிட்ச மட்டும் அணைக்குது.

எல்லா செல்லுலயும் இந்த ஜீன் ரெண்டு காப்பி இருக்கு, என் பையனுக்கு ஒண்ணு பொறக்கும்போதே பழுது. மிச்சம் ஒரு ஆள் வேலை பாக்குறான். நரம்பைச் சுத்தி உறை போடுற ஷ்வான் செல்னு ஒண்ணு இருக்கு, அதுல எங்கயாவது ஒரு செல்லுல அந்த ரெண்டாவது காப்பியும் போச்சுன்னா அங்க மோட்டார் நிக்காம ஓடும், அந்த எடத்துல நியூரோஃபைப்ரோமாங்குற கட்டி வளரும். ரெண்டு காப்பியும் போனாதான் கட்டி வரும்ங்குற இந்த கணக்கை 1971ல நட்சன்ங்குறவர் கண்ணுல வர்ற ஒரு புத்துநோயை வெச்சு சொன்னார். இதுல இன்னொரு விஷயம், கட்டியைச் சுத்தி இருக்குற ஒரு காப்பி மட்டும் பழுதான மத்த செல்லுங்களும், முக்கியமா மாஸ்ட் செல்ங்குற ஒரு வகை நோய் எதிர்ப்பு செல், கட்டி வளர்றதுக்கு உதவி பண்ணுது.

இவனுக்கு வலது முழங்கைக்கு மேல ஒண்ணு இருக்கு, பிளெக்ஸிஃபார்ம் வகை, தொட்டா தோலுக்கு அடியில சிக்குப் போட்ட நூல் மாதிரி கைல தட்டுப்படும். நரம்போட பின்னிக்கிட்டு வளர்றதால வெட்டி எடுக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல, இப்போதைக்கு எம்ஆர்ஐ எடுத்து பாத்துக்கிட்டே இருக்கோம். வருஷா வருஷம் கண் டாக்டர்கிட்டயும் போறோம், பார்வை நரம்புல கட்டி வர வாய்ப்பு இருக்குங்குறதால. இந்த நோய் இருக்குற குழந்தைங்களுக்கு கண் செக்கப்பை மட்டும் தயவுசெஞ்சு தள்ளிப்போடாதீங்க, சின்னதுங்களுக்கு பார்வை குறையுதுன்னு சொல்லத் தெரியாது.

மருந்து கதையும் இந்த பைப் கதைதான். மோட்டார் ஆஃப் ஆகலன்னா கீழ இருக்குற வால்வை மூடலாம் இல்லையா, மெக்கை தடுக்குற செலுமெடினிப் அதத்தான் பண்ணுது. ஆபரேஷன் பண்ண முடியாத பிளெக்ஸிஃபார்ம் கட்டி இருந்து தொந்தரவு குடுக்குற 2 வயசுக்கு மேற்பட்ட குழந்தைங்களுக்குன்னு 2020 ஏப்ரல்ல அமெரிக்கால அனுமதி கெடச்சது, அதுக்கு அடிப்படையான ஆய்வுல இருந்த 50 குழந்தைங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேருக்கு கட்டி நல்லாவே சுருங்குச்சு. 2025 பிப்ரவரில மிர்டாமெடினிப்னு இன்னொண்ணு, அது பெரியவங்களுக்கும் சேத்து. தோல்ல தடிப்பு, நகத்தைச் சுத்தி புண்ணு வரும், இதயத்தையும் கண்ணையும் அப்பப்ப பாக்கணும். ஜீன் பழுது அப்படியேதான் இருக்கும், வால்வை மட்டும்தான் மூடுறோம்.

எல்லாம் இப்படி நேரா நடக்கறதும் இல்ல. இந்த பசங்க நிறைய பேருக்கு படிப்புல கவனம் நிக்காது, மூளையிலயும் ராஸ் அடங்காம இருக்குறது அதுக்கு ஒரு காரணம். ராஸ் செல்லோட சவ்வுல போய் ஒட்டுறதுக்கு ஒரு கொழுப்பு வால் வேணும், கொலஸ்ட்ரால் மாத்திரை அதைக் குறைக்கும்னு எலிக்கு குடுத்தாங்க, எலி நல்லா கத்துக்கிச்சு. குழந்தைங்களுக்கு குடுத்து பாத்தப்ப வித்தியாசமே தெரியல. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அழுகை வந்துடுச்சு, இவன் ஏழாம் வாய்ப்பாட்டுல நாலு மாசமா நின்னுக்கிட்டு இருந்தான்.

போன சனிக்கிழமை அத்தையே எண்ணெய் தேய்ச்சாங்க. அவன் தொடைல இருக்குற பெரிய புள்ளியை காட்டி, "பாட்டி, இதுக்குள்ளயும் ரெண்டு ஆளும் இல்ல, தெரியுமா"ன்னான். உண்மைதான், அந்த புள்ளில நிறம் குடுக்குற செல்லுல ரெண்டு காப்பியும் போயிருக்கும், ஆனா அது புத்துநோயா மாறாது. அத்தை கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கிட்டே இருந்துட்டு என்னைப் பாத்து, "ஏம்மா, அந்த எம்ஆர்ஐ எந்த தேதின்னு சொன்ன, நானும் வரேன்"னாங்க.