டைசாக் வம்சத்தைத் தேடி: பெயரை விட்டு உலையைப் பிடித்த கதை

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் போன வருடத்திலிருந்து ஒரு ஆங்கிலக் குடும்பப் பெயரின் மூலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பெயர் டைசாக் (Tyzack). பழைய கைரம்பங்களை வாங்கி, பல் தீட்டிப் புழங்குகிறவர்களுக்கு இது தெரிந்த பெயர்தான். இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் செய்த ரம்பங்களில் முத்திரையாக இருக்கும். மரவேலைக்காக வாங்கிய ஒரு ரம்பத்தில் அதைப் படித்தபோதுதான் எனக்கு ஆர்வம் பிடித்தது. ஸ்மித்தும் டெய்லரும் இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு உண்டு. டைசாக் அபூர்வம். கேட்டால் ஆங்கிலப் பெயர் மாதிரியும் இல்லை.

நம்மில் பலருக்கு அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும். கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே போக வேண்டுமென்றால் ஊர்ப் பெரியவர்களின் ஞாபகத்தைத்தான் நம்ப வேண்டும். அதனாலேயே ஒரே பெயர் நானூறு வருடம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருப்பதைக் காகிதத்தில் தொட்டுப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

1837 வரை பின்னோக்கிப் போவது சுலபம். அந்த வருடம் ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசுப் பதிவில் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் தொழில் இருக்கும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். கூடவே பத்து வருடத்துக்கு ஒரு முறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. 1841 கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதிவிட்டார்கள், பிறந்த ஊரும் இருக்காது. 1851 கணக்கில்தான் யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தார் என்பதெல்லாம் வருகிறது. அபூர்வப் பெயரின் பலன் இங்கேதான் தெரியும். ஸ்மித் என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். டைசாக் என்று போட்டால் ஒரு மாவட்டத்தில் சில வீடுகள்தான், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துவிடலாம்.

இந்தக் கட்டத்தில் ஷெஃபீல்ட் கிளை பளிச்சென்று தெரிகிறது. ரம்பம் செய்பவர், அரிவாள் செய்பவர் என்று தொழில்கள் எல்லாம் எஃகைச் சுற்றியே. நகரின் தெற்கே அபேடேலில் ஷீஃப் ஆற்றங்கரையில் இருக்கும் பட்டறைத் தொகுதியை 1849 முதல் 1933 வரை டைசாக் நிறுவனம்தான் நடத்தியது. இப்போது அது அருங்காட்சியகம். நீர்ச்சக்கரம், அதனால் இயங்கும் சம்மட்டி, சாணை பிடிக்கும் கூடம், எஃகு உருக்கும் உலை எல்லாவற்றையும் பார்க்கலாம். புல் அறுக்கும் நீளப்பிடி அரிவாள்களை அங்கே அடித்தார்கள். உலைக்குப் பக்கத்தில் எஃகு உருக்கும் மண் மூசைகள் இருக்கின்றன. அந்த மண்கலவையில் ஸ்டோர்பிரிட்ஜ் களிமண்ணும் சேரும். இந்த ஊர்ப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1837-க்கு முன்னால் போக வேண்டுமென்றால் தேவாலயப் பதிவேடுகள்தான். 1538-ல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவால் ஒவ்வொரு பங்கிலும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எழுதத் தொடங்கினார்கள். எல்லா ஊரிலும் அவ்வளவு பழைய ஏடு பிழைத்திருக்காது. 1640-களின் உள்நாட்டுப் போரையொட்டி நிறைய ஊர்களில் பக்கங்களே காலி.

அபூர்வப் பெயரின் அனுகூலம் இங்கே தலைகீழாகிவிடுகிறது. பாதிரியாரோ குமாஸ்தாவோ காதில் விழுந்ததை எழுதினார். ஸ்மித்தை ஓரளவுக்கு மேல் சிதைக்க முடியாது. கேள்விப்படாத பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஒய் வர வேண்டிய இடத்தில் ஐ, இசட் வர வேண்டிய இடத்தில் எஸ், சில ஏட்டில் முடிவிலுள்ள சி, கே-க்குப் பின்னால் ஒரு ஈ. உச்சமாக, நியூகாஸிலில் 1619 நவம்பரில் நடந்த ஒரு ஞானஸ்நானத்தில் குழந்தையின் அப்பா ‘டிமத்தி டெஸ்விக், கண்ணாடி செய்பவர், பிரெஞ்சுக்காரர்’ என்று இருக்கிறது. டெஸ்விக் என்றால் வடக்கு இங்கிலாந்து ஊர்ப் பெயர் மாதிரியே ஒலிக்கிறது. டைசாக் என்று தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது பெயரில்லை, பக்கத்தில் எழுதியிருந்த தொழில்.

அதிலிருந்து தேடும் முறையையே மாற்றிக்கொண்டேன். பெயரின் எழுத்துகளைத் துரத்துவதை விட்டு, எங்கெல்லாம் ஜன்னல் கண்ணாடி உலை இருந்தது என்று பட்டியல் போட்டு, அந்தந்த ஊர் ஏடுகளை வரிக்கு வரி படிக்கிறேன். மெதுவான வேலைதான். ஆனால் கணினியில் தட்டித் தேடுவதைவிட நிச்சயமாக நல்ல பலன்.

உலைகளின் பாதை இதுதான். இன்று கிழக்கு பிரான்ஸில் இருக்கும் லொரேன் பகுதியில் டார்னே காடு. அங்கே தெ ஹெனசெல், தெ தியெத்ரி, தூ திசாக் முதலிய குடும்பங்கள் அகலக் கண்ணாடி செய்தார்கள். உருகிய கண்ணாடியை நீண்ட உருளையாக ஊதி, இரண்டு முனையையும் வெட்டி, நெடுக்கே கீறி, சூட்டில் விரித்துப் பலகையாக்கும் வித்தை. 1448-ல் கிடைத்த சாசனம் இவர்களுக்குப் பிரபுக்களுக்குரிய சலுகைகளைக் கொடுத்தது. உலை முன் நின்று வேலை செய்தாலும் அந்தஸ்து குறையாது. வித்தை குடும்பத்தை விட்டு வெளியே போகாது. கொள்வினை கொடுப்பினையும் பெரும்பாலும் தங்களுக்குள்தான்.

1567-ல் ஜான் காரே என்பவர் எலிசபெத் அரசியிடம் ஜன்னல் கண்ணாடி செய்ய உரிமம் வாங்கி, லொரேனிலிருந்து ஆட்களை அழைத்து வந்தார். ஆங்கிலேயருக்கும் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உரிமத்தில் நிபந்தனை. சர்ரே, சஸெக்ஸ் எல்லைக் காடுகளில் முதல் உலைகள் எரிந்தன. விறகு தேடி சில குடும்பங்கள் ஸ்டாஃபோர்ட்ஷையரின் எக்கிள்ஷால் பக்கம் போயின. ஹெனசெல் ‘ஹென்சி’ ஆனது, தியெத்ரி ‘டிட்டரி’ ஆனது, திசாக் நம் டைசாக்.

1615-ல் ஜேம்ஸ் மன்னர் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை போட்டார். கப்பல் கட்ட மரம் வேண்டும் என்பது காரணம். இனி நிலக்கரி மட்டுமே. ஆகவே கரி கிடைக்கும் ஊர்களுக்குக் குடும்பங்கள் நகர்ந்தன. கண்ணாடித் தொழிலின் ஏகபோக உரிமையைக் கைக்குள் கொண்டுவந்த கடற்படைத் தளபதி ராபர்ட் மான்செல் நியூகாஸிலில் உலை வைத்தார். அங்கே போன கிளையில் ஒருவர்தான் டிமத்தி. ஆனால் பெரிய மையம் ஸ்டோர்பிரிட்ஜ். கரியும் அங்கே, உருக்கும் சூட்டைத் தாங்கும் களிமண்ணும் அங்கே. 1610-களில் பால் டைசாக் அந்த வட்டாரத்தில் உலை நடத்தினார்.

இணையத்தில் கிடைக்கும் வம்சாவளி மரங்கள் சிலவற்றில் இவர்களை 1685-ல் நான்ட் சாசனம் (பிரான்ஸில் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த அரசாணை) ரத்தானபின் ஓடிவந்த ஹ்யூகனோ அகதிகள், அதாவது பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள் என்று போட்டிருக்கிறது. அதற்குள் இவர்கள் இங்கிலாந்துக்கு வந்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. 1619-ல் நியூகாஸிலில் ஞானஸ்நானம் ஆன குழந்தையின் குடும்பம் எப்படி 1685-ல் வந்து இறங்கும்? இப்படிப்பட்ட மரங்களை அப்படியே நகலெடுக்கிறார்களே என்று வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று, ஏட்டில் பிரெஞ்சுக்காரர் என்று எழுதியிருந்தாலும் அன்று லொரேன் தனி டச்சி, ஒரு கோமகன் ஆண்ட தனி நாடு. அது பிரான்ஸோடு சேர்ந்தது 1766-ல்.

ஸ்டோர்பிரிட்ஜில் தேடுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. உலைகள் இருந்த இடம் இரண்டு மாவட்டங்களின் எல்லை. ஓல்ட் ஸ்வின்ஃபோர்ட் அன்று வுஸ்டர்ஷையரில், வுஸ்டர் மறைமாவட்டம். ஓடைக்கு அந்தப் பக்கம் கிங்ஸ்வின்ஃபோர்ட், ஸ்டாஃபோர்ட்ஷையரில், லிச்ஃபீல்ட் மறைமாவட்டம். அன்று உயில்களைப் பெரும்பாலும் மறைமாவட்ட நீதிமன்றம்தான் பதிவு செய்தது, அதனால் ஒரே குடும்பத்தில் அண்ணனின் உயில் ஒரு காப்பகத்திலும் தம்பியின் உயில் இன்னொன்றிலும் கிடக்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘இவர் காணாமல் போய்விட்டார்’ என்று முடிவு கட்டக் கூடாது.

எனக்கு ஞானஸ்நானப் பதிவைவிட உயில்தான் அதிகம் பிடிக்கும். ஞானஸ்நானம் ஒரு வரிதான். உயிலில் மகள்களின் புகுந்த வீட்டுப் பெயர்கள் வரும், சாட்சி போட்டவர் யார் என்று தெரியும், சொத்தை மதிப்பிட்டவர் யார் என்று தெரியும். டைசாக்கின் உயிலில் ஹென்சி சாட்சி என்றால் சரியான வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று தைரியமாக மேலே போகலாம்.

பழைய கையெழுத்தைப் பழக நாளாகும். அந்தக் காலத்து சி நமக்கு ஆர் மாதிரித் தெரியும். ஹெச் வரிக்குக் கீழே வால் விட்டுத் தொங்கும். அதே குமாஸ்தா எழுதிய ஜான், தாமஸ் போன்ற தெரிந்த பெயர்களிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் சீக்கிரம் பிடிபடும். தேதியும் அப்படித்தான். 1752 வரை வருடப் பிறப்பு மார்ச் 25. ஏட்டில் 1619 நவம்பருக்கு அடுத்து 1619 ஜனவரி வரும், அது நம் கணக்கில் 1620. என் குறிப்பேட்டில் 1619/20 என்று இரண்டையும் எழுதுகிறேன்.

இப்போதைய வேலை ஷெஃபீல்ட் கிளையைக் கண்ணாடிக் கிளையோடு கோப்பது. கண்ணாடி மூசைக்கும் எஃகு மூசைக்கும் அதே ஸ்டோர்பிரிட்ஜ் மண் என்பதால் மண்ணோடு ஆட்களும் போயிருப்பார்கள் என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மண் சாட்சி சொல்லாது. 1624-ல் ஏற்பட்ட ஹாலம்ஷையர் கட்லர்ஸ் கம்பெனி என்ற ஷெஃபீல்ட் வட்டாரக் கத்தி செய்வோர் சங்கத்தின் தொழில் பழகுநர் பதிவுகளில் பையனின் பெயரோடு அப்பாவின் பெயர், ஊர், தொழில் எழுதுவது வழக்கம். அதில் டி எழுத்தை மட்டுமின்றி எல் எழுத்தையும் சேர்த்துப் படித்து வருகிறேன். நகலெடுத்தவர் முதலெழுத்தை மாற்றிப் படித்திருந்தால் டைசாக் அங்கே லைசாக்காக இருப்பார்.