எடை குறைவதும் கொழுப்பு குறைவதும்

சோற்றையும் இட்லியையும் அடியோடு நிறுத்திவிட்டு, ஒரே வாரத்தில் 3 கிலோ குறைந்துவிட்டது என்று பூரிப்புடன் சொல்பவர்களிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அடுத்த மாதமே அந்த 3 கிலோவும் திரும்பி வந்ததும் தம்மைத் தாமே நொந்துகொண்டு எல்லா முயற்சியையும் கைவிட்டுவிடுபவர்களும் அவர்களே என்பதால், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

நம் உடல் கல்லீரலிலும் தசைகளிலும் ஏறத்தாழ அரை கிலோ மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைத்திருக்கிறது; அதன் ஒவ்வொரு கிராமையும் ஒட்டிச் சுமார் 3 கிராம் நீர் தங்கியிருக்கிறது. மாவுச்சத்துள்ள உணவைத் திடீரென்று நிறுத்தினால் முதலில் செலவாவது இந்தக் கையிருப்புதான். அதனுடன் நீரும் வெளியேறுவதால் எடை மளமளவென்று இறங்குகிறது. ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு அதே வேகத்தில் ஏறுவதற்கும் இதுவே காரணம். கணக்கைப் பாருங்கள்: ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது, 3 கிலோ என்றால் 23,000 கலோரிக்கும் மேல். நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவிடும் ஒருவர் வாரம் முழுவதும் பட்டினி கிடந்தாலும் 14,000 கலோரியைத்தான் இழக்க முடியும். ஆகவே அந்த 3 கிலோ முழுவதும் கொழுப்பாக இருக்க வழியே இல்லை.

வியர்வையைக் கொழுப்பு உருகி வழிவதாக நினைப்பதும் இதே குழப்பம்தான். வெயில் காலத்திலும் தடித்த பிளாஸ்டிக் மேலாடையை மாட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றி ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. அவர்கள் இழப்பது நீரும் உப்பும் மட்டுமே. இரண்டு செம்பு தண்ணீர் குடித்ததும் எடை பழையபடி ஆகிவிடும். 1997ஆம் ஆண்டின் இறுதியில், போட்டிக்கு முன் அவசரமாக எடையைக் குறைப்பதற்காக நீர்ச்சத்தை வெளியேற்ற முயன்ற மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

உண்மையில் கொழுப்பு பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகவே நம்மை விட்டுப் போகிறது. 10 கிலோ கொழுப்பு முழுமையாக எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாகவும் மீதி 1.6 கிலோ நீராகவும் வெளியேறும் என்று 2014இல் மீர்மன், பிரவுன் என்னும் இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கொழுப்பு உடலின் எந்தப் பகுதியிலிருந்து முதலில் எடுக்கப்படும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றனவே தவிர, நாம் எந்தத் தசைக்கு வேலை கொடுக்கிறோம் என்பது தீர்மானிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே கையால் மட்டையை வீசிய டென்னிஸ் வீரர்களை 1971இல் அளந்து பார்த்தபோது, விளையாடும் கை பருத்திருந்தாலும் தோலுக்கடியிலுள்ள கொழுப்பின் தடிமன் இரு கைகளிலும் ஒன்றாகவே இருந்தது. தொப்பையைக் கரைப்பதற்கென்றே தினமும் வயிற்றுப் பயிற்சி செய்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது, ராத்திரியில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி சாப்பிட்டால் எடை குறையும் என்ற நம்பிக்கை. 100 கிராம் கோதுமை மாவும் 100 கிராம் அரிசியும் ஏறக்குறைய ஒரே அளவு கலோரியைத்தான் தருகின்றன. முழுக் கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் சற்றுக் கூடுதல், அவ்வளவே. சப்பாத்திக்கு மாறியதும் சிலருக்கு எடை குறைவது ஏனென்றால், சோற்றைக் கணக்கில்லாமல் போட்டுக்கொள்கிறோம், சப்பாத்தியை எண்ணிச் சாப்பிடுகிறோம். ஆனால் கல்லில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் ஒவ்வொன்றிலும் 40 கலோரிக்கு மேல் கூடுகிறது. தொட்டுக்கொள்ளத் தேங்காயும் முந்திரியும் அரைத்துவிட்ட குருமா என்றால், சோறும் ரசமும் பொரியலுமே கலோரி குறைவான உணவாக இருந்திருக்கும்.

நடைப்பயிற்சியால் மட்டுமே எடை குறைந்துவிடும் என்று நம்புவதும் சரியல்ல. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் நடந்து செலவழிக்கும் கலோரி, வரும் வழியில் டீக்கடையில் சாப்பிடும் ஒரே வடையில் திரும்பி வந்துவிடும். அதற்காக நடையை விட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு வேறு காரணம் இருக்கிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில், புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று வெளியானது. இருவருக்கும் உடல் நிறை குறியீட்டெண் (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 22.3தான், ஆனால் உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்களில் பலர் ஒல்லியாகத் தெரிந்தாலும், தசை குறைந்து வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தவர்களாக இருப்பதும், சர்க்கரை நோய் இளம் வயதிலேயே வருவதும் இதனுடன் தொடர்புடையவை. நடையும், வாரம் இரண்டு மூன்று நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், எடை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும், ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்த உதவுகின்றன. அதனால் யார் கேட்டாலும், தையற்காரர் பயன்படுத்தும் டேப்பால் மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்; இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டக் கூடாத எல்லைகள்.