ஆவாரம்பூவை எண்ணி வரைவது

ஒரு பூ வரையச் சொன்னால் நம் பக்கத்துப் பிள்ளைகள் நடுவில் ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் ஒரே அளவில் ஐந்து இதழ் வைத்துவிடுவார்கள். கை அப்படிப் பழகியிருக்கிறது. வாசல் கோலத்திலும் ஆத்தங்குடிக் கல்லிலும் நிலைக்கதவுச் செதுக்கலிலும் பூ அப்படித்தான் இருக்கும். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அதே கையோடு ஆவாரஞ்செடி முன்னால் உட்கார்ந்தால் படம் பொய்யாகிவிடும்.

ஆவாரம்பூ எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் பூ இல்லை. இதழ் ஐந்துதான், ஓரம் சுருங்கியிருக்கும், மஞ்சளின் மேல் ஆரஞ்சு நரம்பு ஓடும். உள்ளே மகரந்தத் தாள் 10. மேலே இருக்கும் மூன்றும் மலடு, மகரந்தம் தராது. மற்றவற்றில் கீழே இருப்பவை நீண்டு வளைந்திருக்கும். பத்தையும் ஒரே நீளத்தில் வட்டமாக நட்டுவைத்த படங்கள்தான் ஏராளம். அவற்றை வரைந்தவர்கள் எண்ணவே இல்லை என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. சூலகமும் அதன் தண்டும் நட்டநடுவில் நிற்பதில்லை. ஒரு பூவில் இடப்பக்கம் சாய்ந்தால் இன்னொன்றில் வலப்பக்கம் சாயும். அதனால் ஒரு பூவை மட்டும் பார்த்து வரைந்தால் பாதி விஷயம் போய்விடும். ஒரே செடியில் நாலைந்து பூவைப் பார்த்து, இடப்பக்கம் சாய்ந்தது ஒன்று, வலப்பக்கம் சாய்ந்தது ஒன்று என இரண்டையும் தாளில் வைக்க வேண்டும்.

இந்தக் கோணலுக்குக் காரணம் இருக்கிறது. மகரந்தப் பை நெடுக வெடிக்காது, நுனியில் இருக்கும் துளை வழியாகத்தான் தூள் வெளியே வரும். பெரிய கருவண்டு, அதாவது மூங்கிலையும் பழைய மரச்சட்டத்தையும் துளைத்துக் கூடு கட்டும் தச்சுத் தேனீ, பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். உப்பு டப்பாவைக் குலுக்குவது போலத் தூள் கொட்டும். பை நுனியில் அந்தத் துளையை வரையாமல் விட்டால், பூ எப்படி வேலை செய்கிறது என்பதைப் படம் சொல்லாது.

சாமான் அதிகம் வேண்டாம். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 15 செ.மீ. ஸ்கேல், பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் கிடக்கும் டிவைடர், எச்பி பென்சில் ஒன்று, 2எச் ஒன்று. தாள் மட்டும் கனத்தில் 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல், வழவழப்பான வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும். சொரசொரத் தாளில் நரம்புக் கோடு உடைந்து உடைந்து வரும்.

கிளையைக் காலையிலேயே ஒடித்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து, உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். ஆவாரை இலை இரவில் மடங்கும் வகை, ஒடித்த கிளையிலும் சீக்கிரம் மடங்கிவிடும். அதனால் இலையை முதலில் முடித்துவிட்டுப் பிறகு பூவுக்கு வாருங்கள். உட்கார வளவு முற்றத்தின் ஓரம் நல்ல இடம்தான், ஆனால் உச்சிப்பொழுதில் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுந்து நிழல் முழுக்க அடியில் சேர்ந்துவிடும். இடப்பக்கம் மேலிருந்து வெளிச்சம் வருவதுபோல் வரைவதே செடிப்படங்களின் வழக்கம். காலையில் அதற்கு ஏற்றபடி உட்கார்ந்துகொண்டால் போதும்.

பூவை அசல் அளவிலேயே போடுங்கள், விரிந்த பூ கிட்டத்தட்ட 5 செ.மீ. இருக்கும். டிவைடரால் இதழின் நீளத்தை எடுத்துத் தாளில் குத்தி, புள்ளிகளை இணைத்துக்கொண்டு போனால் கோலக்கை தலையிடாது. மகரந்தப் பையைத் தனியாக ஐந்து மடங்கில் வரையலாம். வரைந்ததும் '×5' என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஸ்கேன் செய்து சின்னதாக அச்சிட்டால் அந்த எண் தப்பாகிவிடும். பக்கத்தில் 1 மி.மீ. என்று ஒரு அளவுக்கோடு போட்டால் படத்தோடு சேர்ந்தே அதுவும் சுருங்கும்.

இலையில் இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்கும். முதலாவது இலைக்காம்பின் அடியில் காது போல அகலமாக ஒட்டியிருக்கும் செதில். ஏதோ ஒரு குட்டி இலை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753-இல் இந்தச் செடிக்கு வைத்த 'ஆரிகுலாட்டா' என்ற பெயரே காதைக் குறிக்கும் சொல்தான். இரண்டாவது, ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்கும் சின்னச் சுரப்பி. லென்ஸ் இல்லாமல் தெரியாது. ஆவாரையின் உறவுச் செடியான பேயாவரையில் சுரப்பி காம்பின் அடியில் ஒன்றுதான் இருக்கும், ஜோடிகளுக்கு நடுவில் இருக்காது. பூ இல்லாத காலத்தில் செடியைப் பிரித்துச் சொல்ல பென்சிலால் வைத்த அந்தப் புள்ளி உதவும். சிற்றிலை 8 முதல் 12 ஜோடி வரை இருக்கும். கையிலிருக்கும் இலையில் எத்தனை என்று எண்ணி அத்தனையும் போடுங்கள், கண்ணளவில் பத்து என்று போட்டுவிடாதீர்கள்.

பிரான்மலைதான் பாரியின் பறம்பு என்பார்கள். அந்தப் பாரியின் தோழர் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் ஆவிரையும் ஒன்று. அங்கே பெயரும் ஓர் அடைமொழியும் போதும், கேட்பவருக்குச் செடி தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்துச் செடிகளைத் தொகுத்த ராபர்ட் வைட்டுக்கு அது போதவில்லை, ஒவ்வொன்றுக்கும் படம் தேவைப்பட்டது. அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் வைத்தார். ஓவியரின் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிடும் காலம் அது என்பதால் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

வண்ணத்துக்கு வருவோம். மஞ்சள்தான் இந்தப் பூவில் பெரிய தலைவலி. நிழல் வேண்டும் என்று கறுப்பைத் தொட்டால் மஞ்சள் பாசிப் பச்சையாகிவிடும். காவி மஞ்சளோ, துளி ஊதாவோ கலந்து நிழல் கொடுங்கள். முதலில் வெளிர் மஞ்சளை நீர்க்கப் பூசி, காய்ந்தபின் அடுத்த பூச்சு, கடைசியாக 0 நம்பர் பிரஷ்ஷில் ஆரஞ்சு நரம்பு. நம்ம ஊர் வெயிலில் தாளில் தண்ணீர் நிற்காது, பூச்சின் விளிம்பு கறை போல் உறைந்துவிடும். ஒரு இதழை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து மாதிரியாக வைத்துக்கொள்வதும் நல்லது, முதல் சில நாள் தினமும் தாள் மாற்றுங்கள். ஆனால் காய்ந்த மாதிரியில் மஞ்சள் பழுப்பாகிவிடும். நிறக்குறிப்பை அன்றைக்கே எழுதுங்கள், கூடவே தேதியும், எந்தக் கண்மாய்க் கரை அல்லது எந்தப் பொட்டல், செம்மண்ணா செம்புறாங்கல்லா என்பதும்.

காய்க்குத் தனி இடம் ஒதுக்குங்கள். ஒரே கிளையில் மொட்டும் பூவும் காயும் சேர்ந்து கிடைத்தால் அதிர்ஷ்டம், அவற்றை ஒரே படத்தில் அருகருகே வைக்கலாம். போட்டோவில் அப்படி வைக்க, எல்லாம் ஒரே கோணத்தில் வந்து நிற்க வேண்டும். காய் தட்டையாக, 7 முதல் 11 செ.மீ. நீளத்தில், காகிதம் போல் மெலிசாக நெளிந்திருக்கும். அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் விதைகள் நிழலாகத் தெரியும், 12-இலிருந்து 20 வரை. எண்ணிக்கொண்டு, அத்தனை புடைப்புகளை மட்டும் வரையுங்கள்.