பாலத்துமேலயே நின்ன லோரி

பினாங்கு ஜார்ஜ்டவுன்ல ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்கு டேஷ்போர்டு பண்ணிக் கொடுத்திருந்தோம், பிறை கிடங்குலேருந்து கிளம்புற லோரி எங்க போகுதுன்னு மேப்ல காட்டும். ஒருநாள் காலையில டிஸ்பேட்ச் அக்கா போன் பண்ணி, "தம்பி, மேப்ல லோரி இன்னும் பாலத்துமேல நிக்குது, டிரைவர் பாயான் லெப்பாஸ்ல சரக்கே இறக்கிட்டானாம் லா"ன்னாங்க. கோபப்படல, ஆனா அன்னிலேருந்து மேப்ப விட்டுட்டு ஒவ்வொரு டிரைவருக்கும் போன் போட ஆரம்பிச்சிட்டாங்க, எனக்கு அதுதான் ரொம்ப கஷ்டமா போச்சு.

காரணம் இதுதான்: பிரவுசர்ல இந்த மேப்ப திறந்து வச்சிருக்கிற 40 டேப், ஒவ்வொண்ணும் 5 விநாடிக்கு ஒருதரம் சர்வர்கிட்ட "புதுசா ஏதும் உண்டா"ன்னு கேட்டா நிமிஷத்துக்கு 480 ரிக்வெஸ்ட், ஒவ்வொண்ணுக்கும் டேட்டாபேஸ்ல பெரிய குவெரி, முக்கால்வாசி பதில் "ஒண்ணும் இல்ல". சர்வர் திணறாம என்ன பண்ணும்.

வெப்சாக்கெட்டுக்கு மாத்துனோம், 2011லயே ஆர்எஃப்சி 6455ங்கிற இன்டர்நெட் தரநிலையா வந்துட்ட விஷயம்தான். சாதாரண எச்டிடிபி ரிக்வெஸ்டா போயி அப்கிரேட் கேக்கும், சர்வர் 101னு, அதாவது "சரி, மாறிக்கலாம்"னு பதில் சொன்னா அதே கனெக்ஷன் திறந்தே இருக்கும், ரெண்டு பக்கமும் எப்ப வேணா பேசலாம், சர்வர் அனுப்புற சின்ன மெசேஜுக்கு முன்னால ஒட்டுற குறிப்பு (ஹெடர்) 2 பைட் போதும். மாசாந்திர ரிப்போர்ட் பக்கத்த மட்டும் தொடல, அதுக்கு இது தேவையே இல்ல.

காலையில எல்லாம் பறந்துச்சு. மதியம் டிரைவருங்க சாப்பிட நிறுத்துனதும் லைன் அறுந்து அறுந்து போச்சு, ஏன்னா லோரி நகர்ந்தாத்தான் மெசேஜ் வரும், டேப்புக்கும் நம்ம சர்வருக்கும் நடுவுல இருந்து ரிக்வெஸ்ட்ட கடத்திவிடுற என்ஜின்எக்ஸ்ங்கிற சாஃப்ட்வேர் 60 விநாடி ஒண்ணும் வரலன்னா லைன மூடிடும், அதோட டீஃபால்ட் அப்படி. சர்வர்லேருந்து 30 விநாடிக்கு ஒரு பிங், "இருக்கியா"ன்னு கேக்குற சின்ன மெசேஜ், அனுப்புனோம், லைன் அறுறது நின்னுச்சு. சர்வர்ல புது வெர்ஷன் ஏத்தும்போது (டிப்ளாய்) 40 டேப்பும் ஒரே நேரத்துல திரும்ப வந்து முட்டாம இருக்க, ஒவ்வொண்ணும் கொஞ்சம் முன்னப்பின்ன காத்திருந்து வர்ற மாதிரி வச்சோம்.

ஆனா என்னைய தூங்கவிடாதது வேற. அறுந்த லைன் திரும்ப வந்துச்சு, நடுவுல போன மெசேஜ் வரல, லோரி மறுபடியும் பாலத்துமேல! வெப்சாக்கெட் அத ஞாபகம் வச்சுக்காது, நாமதான் பாக்கணும். ஒவ்வொரு மெசேஜுக்கும் நம்பர் போட்டு, திரும்ப வர்ற டேப் "கடைசியா எனக்கு கிடைச்சது இது"ன்னு சொல்லி மிச்சத்த வாங்கிக்கிற மாதிரி எழுதினோம். வேகத்துக்கு செஞ்ச வேலையவிட இதுக்குத்தான் அதிக நாள் ஆச்சு, சரியா செஞ்சோம்னு இப்பவும் நினைக்கிறேன்.

இப்ப ஒவ்வொரு லோரி பக்கத்துலயும் கடைசியா தகவல் வந்த நேரம் சின்னதா தெரியும். அது வேணும்னு கேட்டது அக்காதான், "நேரம் தெரிஞ்சா போதும் தம்பி, எப்ப போன் போடணும்னு நானே பாத்துக்கிறேன்"னாங்க.