எங்கள் குடியிருப்பின் தண்ணீரும் சிவப்புக் குழாய்களும்

சென்னையின் தென்புறத்தில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், குடியிருப்போர் சங்கத்தின் தண்ணீர்ப் பொறுப்பைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். தரைக்கடித் தொட்டியான சம்ப்புக்கு வந்து சேரும் தண்ணீர், அது மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏறும் விதம், வீட்டுக் குழாய்களில் இறங்கும்போது அதன் தரம் ஆகிய மூன்றோடு, தீயணைப்புக்கென்று வளாகத்தைச் சுற்றியும் மாடிதோறும் ஓடுகிற சிவப்புக் குழாய்களும் இந்தப் பொறுப்பில் அடக்கம். முதல் மூன்றில் எது குறைந்தாலும் அரை மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்துவிடும். சிவப்புக் குழாயில் தண்ணீர் இல்லாமல் போனால் புகார் சொல்ல ஆள் கிடையாது. தீப்பிடிக்கும் நாளில்தான் அது தெரியவரும். ஆகவே அதைத் தேடிப் பார்க்கிறவர் ஒருவராவது ஒவ்வொரு குடியிருப்பிலும் இருந்தாக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டும் கட்டிடம் உயரக் கட்டிடம் ஆகிறது. எங்களுடையது பத்து மாடி. ஆகவே தீயணைப்புத் துறையின் சான்றிதழ் இல்லாமல் இங்கு யாரும் குடியேறியிருக்க முடியாது. தரைக்கடியில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. லாரியிலிருந்தோ போர்வெல்லிலிருந்தோ வரும் தண்ணீர் முதலில் தீயணைப்புத் தொட்டியில் விழுகிறது. அது நிரம்பி, மேல்விளிம்பில் உள்ள குழாய் வழியாக வழிந்த பிறகுதான் வீட்டு உபயோகச் சம்ப்புக்குப் போகிறது. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு பரிந்துரைக்கும் ஏற்பாடு இதுவே. தீயணைப்புத் தொட்டி எந்நேரமும் நிரம்பியிருக்கிறது, அதே சமயம் அதிலுள்ள தண்ணீர் தேங்கிக் கெட்டுப்போகாமல் மாறிக்கொண்டும் இருக்கிறது. நான் பார்த்த அமைப்புகளில் இவ்வளவு எளிமையாக இவ்வளவு பலன் தருவது வேறில்லை. ஆனால் பல குடியிருப்புகளில் லாரிக் குழாயை நேராக வீட்டுச் சம்ப்புக்குத் திருப்பிவிடுகிறார்கள். அப்போது தீயணைப்புத் தொட்டி தனித்து நின்று, பாசி பிடித்து, ஆவியாகியும் கசிந்தும் குறைவதைக் கவனிப்பார் இல்லாமல் போகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை 2019ஆம் ஆண்டுக் கோடையில் வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அந்த ஜூன் மாதத்தில் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. லாரிக்குப் பதிவு செய்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்த அந்த நாட்களில், "கீழே ஒரு தொட்டி நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு குழந்தைகளைக் குளிக்காமல் பள்ளிக்கு அனுப்புவதா, சார்?" என்று கேட்டவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குக் கணக்கு ஒன்றுதான் பதிலாக இருக்க முடியும் என்று நினைத்தேன்.

எங்கள் தீயணைப்புத் தொட்டியின் கொள்ளளவு 75,000 லிட்டர். பெரிய பம்ப் நிமிடத்துக்கு 2,280 லிட்டர் தள்ளக்கூடியது. முழு வேகத்தில் ஓடினால் நிரம்பிய தொட்டி ஏறத்தாழ முப்பத்து மூன்று நிமிடங்களுக்கு வரும். ஒரு லாரித் தண்ணீர், அதாவது 12,000 லிட்டர், ஐந்து நிமிடங்களுக்கு மேல் சிறிதளவே தாங்கும். "ஒரே ஒரு லாரி அளவு மட்டும் எடுத்துக்கொள்வோம்" என்பது தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரை கையில் இருக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை வெட்டுவதாகும். அதுவும் எந்தப் பருவத்தில்? இரவு பகலாக எல்லா வீட்டிலும் ஏசி ஓடி, மின்கம்பிகள் தாங்கக்கூடிய எல்லைக்கு அருகில் சூடேறி நிற்கும் பருவத்தில். தீயணைப்பு வண்டியே மறுபடி நிரப்பிக்கொள்ள அக்கம்பக்கத்தில் தண்ணீர் தேட வேண்டிய பருவத்தில். இதைக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். இரு தொட்டிகளையும் அடியில் இணைக்கும் வால்வுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சங்கச் செயலாளரிடம் வைப்பது என்று முடிவானது. அந்தப் பூட்டு இன்றும் இருக்கிறது.

தண்ணீர் இருப்பது ஒன்று, அது வேண்டிய இடத்துக்கு வேண்டிய வேகத்தில் வந்து சேர்வது வேறொன்று. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதி எரிந்தபோது இதை உலகமே பார்த்தது. அந்த மலைச்சரிவுப் பகுதியின் ஹைட்ரண்ட்களுக்கு, அதாவது தீயணைப்பு ஹோஸை மாட்டும் குழாய்வாய்களுக்கு, நீர் கொடுத்த மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் கொள்ளளவு உடையவை, ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகி, மறுநாள் விடியுமுன் மூன்றும் தீர்ந்துவிட்டன. வழக்கத்தைப் போல் நான்கு மடங்கு நீர்த்தேவை பதினைந்து மணி நேரம் நீடித்ததால் கீழிருந்து மேலே ஏற்றும் குழாயில் அழுத்தம் விழுந்து, தொட்டிகளை மறுபடி நிரப்ப இயலவில்லை. அருகிலிருந்த சாண்டா இனெஸ் நீர்த்தேக்கம் அதன் மேல்மூடியைப் பழுது பார்ப்பதற்காக அப்போது காலியாக வைக்கப்பட்டிருந்தது. அது நிரம்பியிருந்தால் எவ்வளவு மாறியிருக்கும் என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பழுது பார்க்கும் காலத்துக்கு மாற்று ஏற்பாடு என்ன என்ற கேள்வியை அந்தச் செய்தியிலிருந்துதான் நான் எங்கள் வளாகத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

இனி அழுத்தம். மிகத் தொலைவிலுள்ள ஹைட்ரண்ட்டில், எங்களுக்கு அது மொட்டைமாடியில் இருப்பது, சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ அழுத்தமாவது கிடைக்க வேண்டும் என்பது விதி. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ குறைந்துகொண்டே போகும் என்பதால், முப்பது மீட்டர் உயரக் கட்டிடத்தில் பம்ப் அறையில் ஏழு கிலோ இருந்தால்தான் மேலே நான்கு கிலோ வரும். இந்த ஏழு கிலோவை எப்போதும் பிடித்து வைத்திருப்பது ஜாக்கி பம்ப் என்னும் சிறிய பம்பின் வேலை. பம்புகளை இயக்கும் எங்கள் பேனலில் அழுத்தம் ஆறுக்கு இறங்கினால் ஜாக்கி தானாக ஓடி, ஏழு வந்ததும் நின்றுவிடும். யாரோ ஹைட்ரண்ட்டைத் திறந்து, ஜாக்கியால் ஈடுகொடுக்க முடியாமல் ஐந்துக்கு இறங்கினால் பெரிய மின்பம்ப் ஓடும். மின்சாரம் இல்லாமல் நான்குக்கு இறங்கினால் டீசல் பம்ப் ஓடும். ஜாக்கியைப் போலன்றி, பெரிய பம்புகள் தாமாக ஓடத் தொடங்குமே தவிர, தாமாக நிற்கக் கூடாது. ஹோஸைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நிற்கிறவருக்குத் தண்ணீர் பாதியில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரு மனிதர் பம்ப் அறைக்கு வந்து கையால்தான் நிறுத்த வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

வால்வுகளும் குழாய்களும் நலமாக இருந்தால் ஜாக்கி பம்ப் அரிதாகத்தான் ஓட வேண்டும். அது அடிக்கடி ஓடுகிறது என்றால் எங்கேயோ கசிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பம்ப் ஆபரேட்டர், "சார், ஜாக்கி ராத்திரி பூரா விட்டு விட்டு ஓடுது, தரைத்தள வீட்டுக்காரங்க சத்தம் தாங்க முடியலைன்னு சொன்னாங்கன்னு செக்யூரிட்டி பேனலை மேனுவல்ல போட்டுட்டார்" என்று வந்து சொன்னார். மேனுவலில் போட்டுவிட்டால் ஜாக்கி மட்டுமல்ல, பெரிய பம்பும் தானாக ஓடாது. பல கட்டிடங்களில் தீயணைப்பு அமைப்பு செயலற்றுக் கிடப்பதற்குப் பழுதான பம்பைவிட, ஒரு விரலால் திருப்பிவிட்ட இந்தச் சுவிட்ச்தான் காரணமாக இருக்கிறது. சத்தம் போட்ட ஜாக்கி உண்மையில் கசிவைச் சொல்லிக்கொண்டிருந்தது. வளாகத்தைச் சுற்றி ஓடும் குழாயின் பிரிவு வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்து, எந்தப் பிரிவை அடைத்தபோது அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்காமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே போனதில், கிழக்குப் பக்கத்துத் தோட்டத்தின் அடியில் கசிவு இருப்பது தெரிந்தது. இணையக் கேபிள் பதிக்க வந்தவர்கள் தோண்டியபோது இரும்புக் குழாயின் மேல் சுற்றியிருந்த பாதுகாப்புப் பட்டை கிழிந்திருந்தது. ஈரமண் பட்டு அந்த இடத்தில் துருவேறி ஊசித் துளை விழுந்துவிட்டது. அதன்பின் வளாகத்துக்குள் யார் மண்வெட்டி வைப்பதானாலும் தண்ணீர்க் குழுவின் எழுத்து அனுமதி வேண்டும் என்று விதி செய்தோம்.

மாதம் ஒருமுறை மொட்டைமாடி வால்வைத் திறந்து பார்க்கிறோம். ஒருவர் மேலே, ஒருவர் பம்ப் அறையில், இருவருக்கும் இடையில் தொலைபேசி. மேலே முதலில் காற்று சீறும். பிறகு செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்து, மெல்லத் தெளியும். குழாயின் உச்சியில் காற்று தங்கியிருந்தால் கேஜ் நல்ல அழுத்தத்தைக் காட்டும், ஆனால் திறந்தவுடன் அது சரிந்துவிடும். ஆகவே முள்ளை மட்டும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது போதாது, தண்ணீர் பாய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினை வாரம் ஒருமுறை ஓட்டுகிறோம். அதில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பேட்டரிதான். முனைகளில் வெண்பொடி பூத்திருக்கிறதா என்று பார்த்துத் துடைப்பது சிறிய வேலை, ஆனால் மின்சாரம் போன இரவில் முழு அமைப்பும் அதை நம்பியே நிற்கிறது.

சோதனைத் தண்ணீர் வீணாகிறது என்ற குறை எழுவது இயல்பு. அதைத் தோட்டத்துக்குத் திருப்புகிறோம். சம்ப்புக்குத் திரும்ப விடுவதில்லை. பல வாரங்கள் இரும்புக் குழாயில் தேங்கிய தண்ணீர் குடிநீரோடு கலக்கவே கூடாது. இதில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் மொட்டைமாடி. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தீயணைப்புக் குழாயில் இறங்கும் இணைப்பில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும். அது தேய்ந்து பிடிமானம் விட்டால், கீழே பம்ப் ஓடும்போது துருத்தண்ணீர் மேல்நோக்கி வந்து தொட்டியில் விழும். மேல்மாடி வீடுகளில் திடீரென்று தண்ணீர் பழுப்பாக வந்தால் போர்வெல்லைக் குறை சொல்வதற்கு முன் அந்த வால்வைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. குழாய்த் தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது இந்தியக் குடிநீர்த் தர அளவு. சோதனைத் திரவத்தைச் சில சொட்டு விட்டு மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அதையும் பதிவேட்டில் எழுதுகிறோம்.

தொட்டி கழுவுவதைப் பற்றி ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மூடிக் கிடந்த தொட்டிக்குள் எந்தத் தொழிலாளியையும் உடனே இறக்கக் கூடாது. மூடிகள் எல்லாவற்றையும் திறந்து, ஊதுவிசிறி வைத்துக் காற்றை மாற்றி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவர் நிற்காமல் யாரும் இறங்குவதற்கு நாங்கள் சம்மதிப்பதில்லை. தண்ணீர்த் தொட்டிதானே என்று நினைத்து உயிர்கள் போயிருக்கின்றன.

மாடிகளில் உள்ள ஹோஸ் பெட்டிகள் தனிக் கவலை. ஹோஸ் முனையில் மாட்டும் வெண்கல நாசிலுக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை கிடைப்பதால் அவை காணாமல் போகின்றன. பெட்டியின் இடத்தில் செருப்புகளும் பழைய செய்தித்தாள்களும் வந்து சேர்கின்றன. 63 மில்லிமீட்டர் ஹோஸை ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் மடிந்த இடத்தில் உள்ளே ரப்பர் வெடித்துவிடும் என்பதால், பிரித்து வேறு இடத்தில் மடித்து வைக்கிறோம். அந்தப் பெரிய ஹோஸ், பயிற்சி இல்லாத ஒருவரைப் பின்னோக்கித் தள்ளிவிடும் வேகம் உடையது. குடியிருப்பவர்கள் பயன்படுத்த வேண்டியது அதன் அருகிலேயே சுருளாக உள்ள ஒல்லியான ரப்பர் ஹோஸ் ரீலைத்தான். அதைப் பல்லாண்டு வாழ்ந்தவர்கள்கூட ஒருமுறையும் தொட்டுப் பார்த்ததில்லை.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் அனுசரிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கேட்டால் வந்து செய்து காட்டுகிறார்கள். எங்களிடம் வந்த வீரர்கள் முதலில் பார்த்தது பம்பை அல்ல. வாயிலருகே நான்கு வாய்களோடு நிற்கும் இணைப்புக் குழாயைத்தான். எங்கள் பம்புகள் எல்லாம் கைவிட்டாலும், அவர்கள் வண்டியிலிருந்து அதன் வழியாகத் தண்ணீரை ஏற்றினால் பத்தாம் மாடி வரை சிவப்புக் குழாயில் போகும். அதன் மூடிகளில் இரண்டு காணவில்லை. உள்ளே கற்களும் பிளாஸ்டிக் உறைகளும் கிடந்தன. முன்னால் பூந்தொட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. அன்றே சுத்தம் செய்து, அவர்கள் வண்டியின் ஹோஸை மாட்டியும் பார்த்துவிட்டோம். 1904இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது, உதவிக்கு வந்த வெளியூர் வண்டிகளின் ஹோஸ்கள் உள்ளூர் ஹைட்ரண்ட்களில் பொருந்தாமல் போயின. மாட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இந்த ஆண்டு பொதுக்குழுவில், கிழக்குப் பக்கத்து நிலத்தடிக் குழாயை முழுவதுமாக மாற்றும் திட்டத்தை வைக்கிறோம். ஓட்டை அடைத்த குழாய் இன்னும் பல இடங்களில் துருவேறியிருக்கும் என்பது தோண்டியபோதே தெரிந்துவிட்டது. செலவு கணிசமானது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தொகை விதிக்க வேண்டியிருக்கும், எதிர்ப்பும் இருக்கும். ஒப்புதல் கிடைத்தால் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மண் வேலை முடிந்தாக வேண்டும். குழாய் சுற்றுவட்டமாக இருப்பதால், இரு முனை வால்வுகளை அடைத்துக் கிழக்கு வரிசையை மட்டும் துண்டித்து, மற்ற மூன்று பக்கங்களிலும் மாடிகளிலும் அழுத்தத்தை ஏழு கிலோவில் வைத்திருக்க முடியும். அந்த நாட்களில் கிழக்குப் பக்கத்துக்கென்று கூடுதல் ஹோஸ்களைத் தெற்கு ஹைட்ரண்ட் அருகே வைப்பதென்றும், வேலை தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் தீயணைப்பு நிலையத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதென்றும் குறித்து வைத்திருக்கிறோம்.