மூன்றாம் பாகத்தில் தொடங்கியவள்

மே 6, செவ்வாய்

பெரியவள் கிளை நூலகத்திலிருந்து வெறுங்கையோடு வந்தாள். கல்கியின் 'பார்த்திபன் கனவு' நாவலை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்களாம். 'சிவகாமியின் சபதம்' நான்கு பாகமும் அலமாரியில் இருக்கிறதாம். "அதையே எடுத்துட்டு வரட்டுமாம்மா?" என்றாள். வேண்டாம், காத்திரு என்றேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து தண்டையார்பேட்டை வெயிலில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளை. முகம் வாடிவிட்டது.

காரணம் கேட்டாள். பார்த்திபனைக் கல்கி 1941-ல் தொடராக எழுதத் தொடங்கினார், சிவகாமியை 1944-ல். ஆனால் கதைக்குள் காலம் தலைகீழ். சிவகாமியில் மகேந்திர பல்லவர் ஆள்கிறார், அவர் மகன் நரசிம்மர் இளைஞர். பார்த்திபனில் அதே நரசிம்மருக்கு மணவயதில் குந்தவி என்று ஒரு மகள் இருக்கிறாள். எழுதியவர் எந்த வரிசையில் நமக்குச் சொன்னாரோ அந்த வரிசையில் கேட்பதுதான் முறை என்றேன். "அவர் அப்புறமா யோசிச்சதுக்கு நான் ஏன் காத்திருக்கணும்?" என்றாள். பதில் வரவில்லை.

மே 8, வியாழன்

நான் வேலை பார்க்கும் எம்.சி. ரோடு துணிக்கடையில் கல்யாணக் கூட்டம். இரவு கணக்கு முடிக்கும்போது கேஷ் கவுண்டர் அண்ணனிடம் கேட்டேன். அவர் கல்கியைக் கரைத்துக் குடித்தவர். "அப்பன் கதை தெரியாம மகன் கதையை எப்படிம்மா படிக்கிறது? சிவகாமிதான் முதல்ல" என்றார்.

நான் விடவில்லை. பார்த்திபனில் ஒரு சிவனடியார் வருகிறார். அவர் யார் என்ற கேள்விதான் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. (யார் என்று இங்கே எழுத மாட்டேன். படிக்காதவர்கள் இருப்பீர்கள்.) சிவகாமியைப் படித்துவிட்டு வந்தால் அந்தக் கேள்வி ரொம்ப நேரம் தாங்காது. அதைச் சொன்னதும் அண்ணன், "புதிர் போனா போகட்டும்மா, ஆளு நிப்பாரில்ல" என்றார். ஷட்டரை இறக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

மே 11, ஞாயிறு

நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கு அப்பாவின் பைண்டுதான் காரணம்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. சம்பள நாளில் சென்ட்ரல் பக்கம் போய்ப் பழைய புத்தகம் வாங்குவார். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து, கடைகள் அல்லிக்குளத்துக்குப் போன பிறகும் அவர் வாயில் அது மூர் மார்க்கெட்தான். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பைண்டு கொண்டுவந்தார். யாரோ புண்ணியவதி வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த 'பொன்னியின் செல்வன்'. மணியம் வரைந்த படங்கள், ஓரங்களில் பாதி அறுந்த விளம்பரங்கள். அப்பாவுக்குக் கிடைத்தது மூன்றாம் பாகம் மட்டும், 'கொலை வாள்'. மற்றது அடுத்த மாதம் தேடுகிறேன் என்றார். நான் அடுத்த மாதம் வரை காத்திருப்பேனா? அன்றிரவே தொடங்கிவிட்டேன்.

யார் யாருக்கு உறவு என்று புரியாமலே படித்து முடித்தேன். அதுகூடப் பரவாயில்லை. இரண்டாம் பாகம் 'சுழற்காற்று' கைக்கு வர இரண்டு வருஷம் ஆனது. அதில் நடுக்கடலில் புயல் அடிக்கிறது. கப்பல் பற்றி எரிகிறது. வந்தியத்தேவனைக் காப்பாற்ற அருள்மொழிவர்மர் கடலில் குதிக்கிறார். பூங்குழலி தன்னந்தனியாகப் படகு வலித்துக்கொண்டு வருகிறாள். காசிமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கடலுக்குப் போனவர் வரும் வரை தெருவே தூங்காமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கங்களில் எனக்கு உயிர் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்றாம் பாகத்தில் இருவரும் நடமாடுவதைத்தான் முன்பே படித்துவிட்டேனே.

1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை அது வந்திருக்கிறது. அந்த வாசகர்கள் பூங்குழலி வருவாளா என்று ஒரு வாரம் முழுக்கத் தவித்திருப்பார்கள். எனக்கு அந்தத் தவிப்பு கிடைக்கவே இல்லை. அதற்கப்புறம் நாலு முறை படித்துவிட்டேன், முதல் முறை மட்டும் திரும்ப வராது. அப்பா மேல் கோபம் இல்லை. பிள்ளைக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான்.

மே 13, செவ்வாய்

கேட்கவில்லை. சிவகாமியின் முதல் பாகத்தோடு வந்து நின்றாள். ஒன்றும் சொல்லாமல் தோசை ஊற்றிக் கொடுத்தேன். வருத்தம்தான்.

மே 27, செவ்வாய்

நாலு பாகமும் முடித்தாள். கடைசி இரண்டு நாள் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. 'சிதைந்த கனவு' முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் பேசவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பார்த்திபன் கிடைத்துவிட்டது. பள்ளி திறந்துவிட்டதால் இரவில்தான் படிக்கிறாள். நான் பயந்தபடியே சிவனடியார் விஷயத்தில் சீக்கிரமே சந்தேகப்பட்டாள். எனக்குப் பாதிக் கதை வரை தோன்றவே இல்லை.

நேற்று இரவு மாமல்லபுரத்தில் கலைத் திருநாள் நடக்கும் இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள். "ம்மா, இந்தக் கல்லையும் சிற்பியையும் பார்க்கும்போதெல்லாம் நரசிம்மருக்குச் சிவகாமி ஞாபகம் வந்திருக்கும் இல்ல? யார்கிட்டயும் சொல்லவும் முடியாது" என்றாள்.

நான் அந்த இடத்தை எத்தனையோ தரம் கடந்திருக்கிறேன். திருவிழா, கூட்டம், குந்தவியும் பார்த்திபன் மகன் விக்கிரமனும் என்று ஓடிவிடுவேன். சிற்பி ஆயனரின் மகள் சிவகாமியை இழந்த ஒரு மனிதர் அந்தச் சிற்பங்களுக்கு நடுவே நிற்கிறார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பார்த்திபனை எழுதியபோது கல்கிக்கே தோன்றியிருக்குமா? சிவகாமியை அவர் இன்னும் எழுதியிருக்கவில்லையே. இந்த வரிசையில் படித்தவருக்கு மட்டும் கிடைக்கிற துக்கம் இது. அவள் அதை எனக்குக் கொடுத்தாள்.

கேஷ் கவுண்டர் அண்ணனிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. 61 நாள் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் காசிமேட்டிலிருந்து கிளம்பிவிட்டன. விடியற்காலையில் காற்றிலேயே டீசல் வாசனை.

பார்த்திபன் முடிந்தது. சோழ மன்னன் பார்த்திபன் கண்ட கனவு முந்நூறு வருஷத்துக்கு அப்புறம் ராஜராஜன் காலத்தில்தான் பலித்தது என்று கல்கி முடிக்கிறார். "அப்ப அடுத்தது பொன்னியின் செல்வன். அந்தக் குந்தவியும் இந்தக் குந்தவையும் ஒரே ஆளா?" என்றாள். இல்லை, அவள் பல்லவப் பெண், இவள் சோழப் பெண் என்று விளக்கினேன்.

பார்த்திபனா சிவகாமியா என்பதில் இனி யாரோடும் சண்டை போட மாட்டேன். எப்படிப் படித்தாலும் ஒன்று போகும், ஒன்று வரும். பொன்னியின் செல்வன் அப்படி இல்லை. அது ஐந்து பாகமாக வெட்டிய ஒரே கதை. 'புது வெள்ள'த்தில்தான் தொடங்க வேண்டும் என்று சொன்னேன். இந்த முறை எதிர்ப்பேச்சு இல்லை.

அவள் நூலகத்துக்குக் கிளம்பியதும் அப்பாவின் பைண்டை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். பூங்குழலி படகோடு வந்து சேரும் வரை சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.